விட்டுப்போன வருமான வரி ரிட்டர்ன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஜூலையில் வருகிறவர்கள் காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டு நிம்மதியாக உட்காருவார்கள். அதற்குப் பிந்தி வருகிறவர்கள் முதலில் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். இது இந்தியாவில் வரி கட்டும் தனிநபர்களுக்கானது.

முதலில் ஒரு தகவல். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். அதனால் இங்கே வரும் பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்கள்.

ஏழு லட்சம் வரைக்கும் வரியே இல்லன்னாங்க. அப்புறம் நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?

வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் தேவையில்லை என்பதும் வேறு வேறு. 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் புதிய வரிமுறையில் 7 லட்சம் வரை வரி வராததற்குக் காரணம் 87ஏ பிரிவின் தள்ளுபடி. அதாவது வரி கணக்கிடப்பட்டு, பிறகு தள்ளுபடியாகிறது. ரிட்டர்ன் போட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது அடிப்படை விலக்கு வரம்பு. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் அது 3 லட்சம். 2025-26-க்கு 4 லட்சம். 2023-24-க்கு முந்தைய ஆண்டுகளில், 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2.5 லட்சம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வரம்போடு ஒப்பிட வேண்டியது 80சி போன்ற கழிவுகளுக்கு முந்தைய வருமானத்தை. எல்ஐசி, பிஎஃப் எல்லாம் கழித்த பிறகு வரம்புக்குள் வந்துவிட்டேன் என்று சொல்லி விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் சிலர் கட்டாயம் போட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர், ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் மின்கட்டணம் கட்டியவர், டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவர்களே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, 25,000 ரூபாயோ அதற்கு மேலோ பிடிக்கப்பட்டவர் (மூத்த குடிமக்களுக்கு 50,000), சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர் எல்லாம் இதில் அடங்குவார்கள்.

சம்பளத்துலயே டிடிஎஸ் பிடிச்சுட்டாங்க. அதுவே கணக்கு முடிஞ்ச மாதிரிதானே?

இல்லை. டிடிஎஸ் என்பது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட பணம். மொத்த வருமானம் எவ்வளவு, அதற்கு வரி எவ்வளவு, ஏற்கெனவே கட்டியது எவ்வளவு என்று நீங்கள் கணக்குக் காட்டும் இடம்தான் ரிட்டர்ன். எஃப்டி வட்டி, வாடகை, பங்கு விற்ற லாபம் எதுவும் உங்கள் கம்பெனிக்குத் தெரியாது.

ஆனால் டிடிஎஸ் முழு வரிக்கும் போதுமானதாக இருந்தால் உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கட்டாமல் நிற்கும் வரி இருந்தால்தான் 234ஏ பிரிவின் தாமத வட்டி ஏறும். உங்களுக்குத் தாமதக் கட்டணம் மட்டும்தான் மிஞ்சும்.

ஜூலை 31 தாண்டிடுச்சு சார். இனிமே போட முடியுமா, முடியாதா?

முடியும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. சில ஆண்டுகளில் அரசே நீட்டிக்கும்; 2024-25 நிதியாண்டுக்கு 2025 செப்டம்பர் 16 வரை கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டால் 139(4) பிரிவின்படி அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம்.

கட்டணம் 5,000 ரூபாய். கழிவுகள் போக மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. இது 234எஃப் பிரிவு. 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யமானாலும் இந்தக் கட்டணம் போகாது. ரிட்டர்ன் போடும் கட்டாயமே இல்லாமல், டிடிஎஸ் திரும்பப் பெறுவதற்காக மட்டும் போடுகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி தனி. மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஐயாயிரம் ஃபைனோட போச்சுன்னு நினைச்சேன். வேற ஏதாவது இழப்பு இருக்கா?

இருக்கிறது. பலருக்கு 5,000-ஐவிட இதுதான் பெரிய அடி.

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பானது. பழைய முறை வேண்டுமென்றால் கடைசி நாளுக்குள் ரிட்டர்ன் போட்டு அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். தாமத ரிட்டர்னில் அந்த உரிமை கிடையாது. 2024-25-இல் 9 லட்சம் சம்பளம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக் கழிவு 50,000, 80சி-யில் 1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000. பழைய முறையில் மீதி 4.75 லட்சம், தள்ளுபடி போக வரி பூஜ்யம். அலுவலகத்திலும் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்ததால் டிடிஎஸ்ஸும் பிடிக்கவில்லை. நாள் தவறியதும் அவர் புதிய முறைக்குள் வந்துவிடுகிறார். நிலைக் கழிவு 75,000 மட்டும் போக வருமானம் 8.25 லட்சம். வரி, செஸ்ஸோடு சேர்த்து 33,800 ரூபாய். இதற்கு மேல் வட்டியும் 5,000 கட்டணமும். இதே கடன், இதே காப்பீடு, எதுவும் மாறவில்லை.

2022-23 வரையிலான நிதியாண்டுகளுக்கு இது தலைகீழ். அப்போது பழைய முறை இயல்பு, புதியதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த ஆண்டுகளைத் தாமதமாகப் போட்டாலும் 80சி, 80டி (மருத்துவக் காப்பீடு) கழிவுகளை எடுக்கலாம். பழைய ஆண்டு ஒன்றைக் கையில் எடுக்கும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், பங்குச் சந்தை நஷ்டத்தையும் தொழில் நஷ்டத்தையும் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டுச் சொத்து நஷ்டத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. ரீஃபண்டு வர வேண்டியிருந்தால் அதற்கு அரசு தரும் மாதம் அரை சதவீத வட்டியும் நீங்கள் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும்.

டிசம்பர் 31-உம் போயிடுச்சு. இப்ப என்ன பண்றது?

இங்கேதான் உங்களுக்கு வரி பாக்கியா, ரீஃபண்டு வர வேண்டுமா என்பது முக்கியமாகிறது. இரண்டுக்கும் வழி வேறு.

வரி பாக்கி என்றால் ஐடிஆர்-யு, அதாவது புதுப்பித்த ரிட்டர்ன். 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 139(8ஏ) பிரிவாக இது வந்தது. முதலில் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 24 மாதம் வரை என்று இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 48 மாதமாக்கினார்கள். இதுவரை ரிட்டர்னே போடாதவரும் போடலாம், போட்டதில் வருமானத்தை விட்டுவிட்டவரும் போடலாம். வரி, வட்டி இரண்டின் கூட்டுத்தொகைமேல் கூடுதல் வரி கட்ட வேண்டும். முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70.

கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் இந்தப் படிவம். நஷ்டம் காட்டவோ, ஏற்கெனவே காட்டிய வரியைக் குறைக்கவோ, ரீஃபண்டு கேட்கவோ இதில் வழியில்லை.

எந்த வருஷத்துக்கு எப்போ வரைக்கும் டைம் இருக்கு? இந்த மதிப்பீட்டு ஆண்டு கணக்கு எனக்குக் குழப்புது.

சம்பாதித்த ஆண்டு நிதியாண்டு. அதற்கு அடுத்த ஆண்டு மதிப்பீட்டு ஆண்டு. 2024-25-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26, அது முடிவது 2026 மார்ச் 31. அங்கிருந்துதான் 48 மாதத்தை எண்ண வேண்டும்.

நீங்கள் சம்பாதித்த ஆண்டையே வைத்துச் சொல்கிறேன். 2021-22-க்கு 2027 மார்ச் 31 வரை. 2022-23-க்கு 2028 மார்ச் 31. 2023-24-க்கு 2029 மார்ச் 31. 2024-25-க்கு 2030 மார்ச் 31. 2020-21-க்கான காலம் 2026 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. எல்லாக் கெடுவும் மார்ச் 31-இல்தான் விழுகிறது. கூடுதல் வரி ஒரு படி ஏறுவதும் மறுநாள் ஏப்ரல் 1-இல்தான்.

மொத்தமா எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

அடிக்கடி வரும் ஒரு நிலைமையையே எடுத்துக்கொள்கிறேன். 2023-24 நடுவில் வேலை மாறிய ஒருவர். பழைய கம்பெனி, புதிய கம்பெனி இரண்டும் தனித்தனியே நிலைக் கழிவும் விலக்கு வரம்பும் கொடுத்து டிடிஎஸ் பிடித்துவிட்டன. இரண்டு ஃபார்ம் 16-ஐயும் (கம்பெனி தரும் சம்பள, டிடிஎஸ் சான்றிதழ்) சேர்த்துப் பார்த்தால் செஸ் உட்பட 40,000 ரூபாய் வரி குறைகிறது. வருமானம் 5 லட்சத்துக்கு மேல்.

அவர் 2024 ஜூலையிலேயே போட்டிருந்தால் முன்வரி, அதாவது ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்ட வேண்டிய வரி, கட்டாததற்கான வட்டி மட்டும் சேரும். 234பி-யில் 4 மாதத்துக்கு 1,600, 234சி-யில் 2,020. மொத்தம் 43,620. அதே ஆண்டு டிசம்பரில் போட்டிருந்தால் 234ஏ வட்டி 2,000, 234பி 3,600, 234சி 2,020, கட்டணம் 5,000. மொத்தம் 52,620.

ஐடிஆர்-யு-வாக 2026 மார்ச்சில் போட்டிருந்தால் 234ஏ 8,000, 234பி 9,600, 234சி 2,020. வரியோடு சேர்த்து 59,620. அதன்மேல் 25 சதவீதம் 14,905. கட்டணம் 5,000. மொத்தம் 79,525. அடுத்த மாதம், 2026 ஏப்ரலில் போட்டால் வட்டியோடு 60,420, அதன்மேல் 50 சதவீதம் 30,210, கட்டணம் 5,000. மொத்தம் 95,630. மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளியதற்கு மட்டும் 16,105 ரூபாய்! பிப்ரவரி, மார்ச்சில் யார் வந்தாலும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதை முதலில் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

எனக்குத்தான் கவர்மென்ட் பணம் தரணும். அந்த ரீஃபண்டு போனது போனதுதானா?

டிசம்பர் 31-க்குப் பிறகு சாதாரண வழியில் கிடைக்காது. ஐடிஆர்-யு-விலும் முடியாது என்று மேலே சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கைப்படி, 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையரே முடிவு செய்யலாம். கூடுமானவரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ரீஃபண்டு கிடைத்தாலும் வட்டி கிடைக்காது.

இணையதளத்தில் உள்நுழைந்து, சேவைகள் பகுதியில் தாமத மன்னிப்புக் கோரிக்கை என்பதில் விண்ணப்பிக்கலாம். ஆணை கையில் வந்த பிறகுதான் ரிட்டர்ன் போட முடியும்.

அந்த மனுவுல என்ன காரணம் எழுதினா ஒத்துக்குவாங்க?

நடந்தது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். உங்களால் உண்மையிலேயே முடியாமல் போனதா, மறுத்தால் உங்களுக்கு உண்மையான சிரமம் ஏற்படுமா என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார். அறுவை சிகிச்சை, விபத்து, வீட்டில் இறப்பு, ஆவணங்கள் வெள்ளத்தில் போனது, வரி ஆலோசகர் ஏமாற்றியது என எதுவாக இருந்தாலும் தேதியோடு எழுதுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை என்ன நடந்தது என்பது ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கட்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் அட்டை, இறப்புச் சான்றிதழ், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது போன்றவற்றை இணையுங்கள்.

"வேலைப்பளு", "மறந்துவிட்டேன்" என்று மட்டும் எழுதிய மனுக்கள் தேறுவது கடினம். அதற்காகப் பொய் மருத்துவச் சான்றிதழ் வாங்கி வைக்காதீர்கள். சில ஆயிரம் ரூபாய் ரீஃபண்டுக்காக அரசு ஆவணத்தில் பொய் சொல்வது எந்த வகையிலும் தகாது.

பழைய கம்பெனியே மூடிட்டாங்க. ஃபார்ம் 16 கிடையாது. எதை வச்சுப் போடறது?

ஃபார்ம் 16 இல்லாமலே போடலாம். வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ்-உம் ஏஐஎஸ்-உம் இருக்கின்றன. உங்கள் பேன் எண்ணில் யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு டிடிஎஸ் கட்டினார்கள் என்பது 26ஏஎஸ்-இல் தெரியும். ஏஐஎஸ்-இல் வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்து வாங்கியது வரை இருக்கும். இதோடு வங்கிக் கணக்கு அறிக்கையையும் சம்பளச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டைக் கட்டி எழுப்பிவிடலாம். ஏஐஎஸ்-இல் தவறான பதிவு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். இரண்டு முறை பதிவான வட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வரி கட்டிவிடாதீர்கள்.

சம்பளத்தில் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாத கம்பெனிகளும் உண்டு. அப்போது 26ஏஎஸ்-இல் ஒன்றும் இருக்காது. உங்களிடம் பிடித்த வரியை மறுபடி உங்களிடமே கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டும், வங்கியில் நிகரச் சம்பளம் வரவான பதிவும்தான் அதற்கு ஆதாரம். வேலையை விடும் நாளிலேயே சம்பளச் சீட்டுகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி மின்னஞ்சல் போய்விட்டால் பிறகு கிடைக்காது.

இன்கம் டாக்ஸ்ல இருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கு. கை நடுங்குது. அது நோட்டீஸா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் பேன் எண்ணில் பெரிய பரிவர்த்தனை தெரிகிறது, ரிட்டர்ன் இல்லை, பாருங்கள் என்று பொதுவாக அனுப்பும் நினைவூட்டல் அது. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே இணையதள முகவரியைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். இதே மாதிரி செய்தி அனுப்பி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உண்மையான நோட்டீஸில் பிரிவு எண்ணும், டிஐஎன் என்ற ஆவண எண்ணும் இருக்கும். 2019 அக்டோபர் முதல் இந்த எண் கட்டாயம். இணையதளத்தின் முகப்பிலேயே, உள்நுழையாமலே, அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். 142(1) என்று இருந்தால் ரிட்டர்ன் போடச் சொல்கிறார்கள் அல்லது விவரம் கேட்கிறார்கள். 148ஏ என்றால், விட்டுப்போன வருமானம் இருப்பதாகத் தெரிகிறது, உங்கள் பதில் என்ன என்று கேட்கிறார்கள். இரண்டிலும் பதில் சொல்ல வேண்டிய தேதி இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது. இந்தக் கட்டத்தில் ஒரு ஆடிட்டரிடம் காகிதத்தோடு போய்விடுங்கள். எஸ்எம்எஸ் கட்டத்திலேயே தானாக முன்வந்து போட்டிருந்தால் செலவும் அலைச்சலும் குறைவாக இருந்திருக்கும்.

நாலஞ்சு வருஷமா போடவே இல்ல. எந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்கணும்?

நடப்பு ஆண்டின் கெடு இன்னும் முடியவில்லை என்றால் அதை முதலில் போடுங்கள். அது மட்டும்தான் முழுச் சலுகையோடு இருக்கும் ஆண்டு. அதையும் தாமதமாக்கிவிட்டால் விட்டுப்போன ஆண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் எடுத்து, ஒரு தாளில் ஆண்டுவாரியாக வருமானம், வரி, டிடிஎஸ், பாக்கி என்று எழுதுங்கள். நாலைந்து ஆண்டு என்று பயந்துகொண்டு வருகிறவர்களில் பலருக்கு இந்தத் தாளிலேயே பாதி பயம் போய்விடும். இரண்டு ஆண்டில் பாக்கியே இருக்காது, ஒன்றில் வரம்புக்குக் கீழே இருப்பார்கள். பாக்கி உள்ள ஆண்டுகளில், கெடு முதலில் முடிவதை முதலில் எடுங்கள். மார்ச் 31 நெருங்கும்போது, எந்த ஆண்டின் சதவீதம் ஏறினால் ரூபாய்க் கணக்கில் அதிகம் போகும் என்று பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

அவ்வளவு பணம் இப்ப கையில இல்ல. ரிட்டர்னை மட்டும் போட்டுட்டு வரியை மெதுவா கட்டலாமா?

தாமத ரிட்டர்னில், அதாவது டிசம்பர் 31-க்குள் போடுவதில், பிறகு கட்டுகிறேன் என்று தேர்ந்தெடுத்துப் போட முடியும். போட்டதோடு 234ஏ வட்டி நிற்கும். ஆனால் வரி கட்டாதவர் என்ற நிலை வரும், கோரிக்கை நோட்டீஸும் வட்டியும் தொடரும். கோரிக்கை வந்த 30 நாளுக்குள், தவணையாகக் கட்ட அனுமதிக்கும்படி 220(3) பிரிவில் மதிப்பீட்டு அதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம்.

ஐடிஆர்-யு-வில் அந்த வழியே இல்லை. வரி, வட்டி, கட்டணம், கூடுதல் வரி அனைத்தையும் கட்டி, சலான் விவரத்தைக் கொடுத்தால்தான் ரிட்டர்ன் ஏறும். பணம் பகுதிதான் இருக்கிறது என்றால் ஓர் ஆண்டையாவது முழுதாக முடியுங்கள்.

வீட்டு லோனுக்கு மூணு வருஷ ரிட்டர்ன் கேக்கறாங்க. ஒரே நாள்ல மூணையும் போட்டுக் குடுங்க, வருமானத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டுங்க.

மூன்றையும் அடுத்தடுத்துப் போடுவது சட்டப்படி முடியலாம், வரி பாக்கி இருக்கும் ஆண்டுகளுக்கு. ஆனால் ஒப்புகைச் சீட்டில் தாக்கல் செய்த தேதி இருக்கும், வங்கியில் அதைப் பார்ப்பார்கள்.

இல்லாத வருமானத்தைக் காட்டுவதற்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான்: செய்ய மாட்டேன். அந்த வருமானத்துக்குக் கணக்கு கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. கட்ட முடியாத தவணையும் தலையில் ஏறும். இதில் முடிவாகப் பாதிக்கப்படுவது உங்கள் குடும்பம். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி கணக்கு ஆகியவற்றை வைத்துக் கடன் தரும் இடங்களும் இருக்கின்றன. அவற்றைக் கேளுங்கள்.

எஃப் அண்ட் ஓ-ல எல்லாம் நஷ்டம்தான் சார். நஷ்டத்துக்கு எதுக்கு ரிட்டர்ன்?

எஃப் அண்ட் ஓ, அதாவது பங்குச் சந்தையின் முன்பேர வணிகத்தில் வரும் நஷ்டம் தொழில் நஷ்டம். அதே ஆண்டில் உங்களுக்கு எஃப்டி வட்டியோ வாடகையோ இருந்தால் அதில் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. மீதியை 8 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம், ஆனால் கடைசி நாளுக்குள் போட்டால் மட்டும். நஷ்டப்பட்டவர்கள்தான் முதல் ஆளாக ரிட்டர்ன் போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தவறவிட்டால் அடுத்த ஆண்டு லாபம் வரும்போது முழு லாபத்துக்கும் வரி.

மனைவி பேர்ல எஃப்டி போட்டிருக்கேன். அந்த வட்டியை அவங்க ரிட்டர்ன்ல காட்டினா போதும்ல?

பணம் உங்களுடையது என்றால் 64-ஆம் பிரிவின்படி அந்த வட்டி உங்கள் வருமானம். அவர் பேன் எண்ணில் டிடிஎஸ் பிடித்திருந்தாலும், அவருக்கு வேறு வருமானமே இல்லை என்றாலும் அப்படித்தான். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து அதில் வரும் வட்டி அவருடையது. அவருடைய சொந்தச் சம்பாத்தியம், பிறந்த வீட்டில் கொடுத்த பணம் எல்லாம் அவர் கணக்குதான். பழைய ஆண்டுகளைச் சரிசெய்யும்போது இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

அப்பா இறந்துட்டார். அவர் ரெண்டு வருஷம் ரிட்டர்ன் போடலன்னு இப்பதான் தெரியுது. இனிமே யார் போடறது?

சட்ட வாரிசு போட வேண்டும். 159-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வாரிசின் பொறுப்பு, அவருக்குக் கிடைத்த சொத்தின் அளவுக்குள் மட்டும்தான். கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் பேன் எண்ணில் இணையதளத்துக்குள் போய், இறந்தவருக்குச் சட்ட வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய பேன், இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆதாரம் வேண்டும். தமிழ்நாட்டில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதும். ஒப்புதல் வந்த பிறகு அவர் சார்பில் போடலாம். அவருடைய வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள், அறிக்கைகளை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்த நாள் வரையிலான வருமானம் அவருடையது, அதற்குப் பிறகு வரும் வட்டியும் வாடகையும் வாரிசுகளுடையது.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். ஊர்ல இருக்கற என்ஆர்ஓ கணக்குல 30 சதவீதம் பிடிக்கறாங்க. இத்தனை வருஷமா விட்டுட்டேன்.

என்ஆர்ஓ என்பது வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் கணக்கு. அதன் வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். உங்கள் இந்திய வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் முழுதும் ரீஃபண்டு, அதை டிசம்பர் 31-க்குள் கேட்க வேண்டும். தவறிய ஆண்டுகளுக்கு மேலே சொன்ன மன்னிப்பு மனுதான். என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் கணக்கின் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

ஊருக்கே திரும்பி வந்து, வரிச் சட்டப்படி இந்தியாவின் வழக்கமான குடியிருப்பாளர் என்ற நிலைக்கு வந்துவிட்டால் விஷயம் மாறும். அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கு, பங்கு எல்லாவற்றையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை.

ரிட்டர்ன் போட்டாச்சு, ஆனா வெரிஃபை பண்ண மறந்துட்டேன்.

போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வங்கிக் கணக்கு மூலமோ சரிபார்க்க வேண்டும். அல்லது ஒப்புகையைக் கையொப்பமிட்டு பெங்களூரு மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். 30 நாள் தாண்டிவிட்டால், நீங்கள் சரிபார்க்கும் நாள்தான் தாக்கல் செய்த நாளாகக் கருதப்படும். ஜூலை 30-இல் போட்டுவிட்டு செப்டம்பரில் சரிபார்த்தவர், தாமத ரிட்டர்ன் போட்டவர்தான். மேலே சொன்ன இழப்புகள் எல்லாம் அவருக்கும் உண்டு.

ஐடிஆர்-யு போட்டதுல ஒரு தப்பு. திருத்தி மறுபடி போடலாமா?

முடியாது. ஓர் ஆண்டுக்கு ஒரு முறைதான். அதனால் போடும் முன் ஏஐஎஸ்-ஐப் புதிதாக இறக்கி, வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெயில்ல போடுவாங்களா?

276சிசி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேண்டுமென்றே ரிட்டர்ன் போடாமல் இருப்பதற்கானது அது. டிடிஎஸ், முன்வரி போக மதிப்பீட்டில் நிற்கும் வரி 10,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் அந்தப் பிரிவில் வழக்கு கிடையாது. மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் ரிட்டர்ன் போட்டுவிட்டாலும், 139(8ஏ)-இல் ஐடிஆர்-யு போட்டுவிட்டாலும் கிடையாது. நீங்களாக வந்து கணக்கைக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

2018-ல, 2019-ல விட்டதெல்லாம் என்ன ஆகும்? இப்ப போட வழி இருக்கா?

அந்த ஆண்டுகளுக்கு ரிட்டர்ன் போட இப்போது வழியில்லை. துறையும் எல்லையில்லாமல் பின்னோக்கிப் போக முடியாது. 2024 செப்டம்பர் முதல் இருக்கும் விதிப்படி, பழைய ஆண்டை மறுபடி திறக்கும் 148 நோட்டீஸ் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதத்துக்குள் வர வேண்டும். விட்டுப்போன வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று ஆதாரம் இருந்தால் 5 ஆண்டு 3 மாதம் வரை போகலாம்.

ஏற்கெனவே நோட்டீஸ் வந்து நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் கதை வேறு. பழைய மின்னஞ்சல், பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். இணையதளத்தில் நிலுவை நடவடிக்கைகள் பகுதியில் இ-நடவடிக்கைகள், நிலுவைக் கோரிக்கை இரண்டையும் திறந்து பாருங்கள். இரண்டும் காலியாக இருந்தால் அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு, கெடு முடியாத ஆண்டுகளுக்கு வாருங்கள். அப்படியே உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கே புதுப்பித்துவிடுங்கள்.